முதுகனுக்குக் கொடுத்த முட்டி

ஆபீஸ் என்று பலகை மாட்டிய எந்த இடத்துக்கும் காரியம் ஆகும் என்று நம்பி நான் போனது கிடையாது. ஆகாது என்று தெரிந்தேதான் போவேன். அப்படிப் போனால் திரும்பி வரும்போது வயிறு எரியாது. சமநிலை வாரியத்துக்குப் போனபோது மட்டும் என்னை அறியாமல் கொஞ்சம் நம்பிவிட்டேன். காரணம் என் மகன்.

அவன் பெயிண்டர். பெரிய கட்டடம் ஒன்றுக்கு வெளிச்சுவரில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் இருக்கிறது, ஆனால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நான் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். பிழைப்பே படி ஏறுவதுதான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அப்போது அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடுவான், பலமாக விட்டால் எனக்குப் பாரம் கூடிவிடும் என்பது போல.

சாயங்காலம் அவனுடைய பழைய கூட்டாளிகள் வருவார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு. ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன், ஒருவன் வாள் வைத்திருப்பவன். கதவு திறக்குமா, பூதம் சாகுமா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். கதை நடத்துகிறவன் பேர் சோடாபுட்டி. கண்ணாடி அத்தனை கனம். சட்டம் என்றால் அவனுக்கு உயிர். பகடை கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனால்கூட அது செல்லுமா செல்லாதா என்று அரை மணி நேரம் விவாதிப்பான்.

என் மகனுக்கும் ஒரு வீரன் வேஷம் கொடுத்தார்கள். அவன் ஒரே நிபந்தனை போட்டான்.

"என் ஆளுக்கும் காலு வராது."

"டேய், இது கதைடா," என்றான் சோடாபுட்டி. "இங்க நீ ஓடலாம், பறக்கலாம்."

"அப்ப ஓடறது வேற எவனோ ஒருத்தன். நான் போகணும்னா நான்தான் போகணும்."

அதனால் என்ன ஆயிற்று என்றால், கூட்டாளிகள் எல்லாரும் மலை ஏறி ராட்சசனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகன் மலையடிவாரச் சத்திரத்தில் அவர்கள் மூட்டைகளுக்குக் காவல் இருந்தான். தினமும் இதேதான். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கதைக்குள்ளும் ஒரு கட்டிலில் படுத்திருந்தான்.

ஒரு நாள் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு மிருகத்தை வரைந்தான். எருமை அளவு. ஆறு கால். முதுகு நடுவில் தொட்டில் மாதிரி குழிந்திருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேர் முதுகன். அது சண்டை போடாது, நெருப்புக் கக்காது, பறக்காது. நடக்க முடியாதவன் எங்கே இருந்தாலும் கூப்பிடாமலே வந்து அவன் முன்னால் மண்டி போடும். ஏற்றிக்கொண்டு எந்த மலையும் ஏறும்.

"அதுக்கு முட்டி வலிக்காது," என்றான் என் மகன். அதை மட்டும் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

என் வீட்டுக்காரி தாளை வாங்கிப் பார்த்தாள். "மூஞ்சி உங்கள மாதிரியே இல்ல இருக்கு? யாரையும் நம்பாத மூஞ்சி."

சோடாபுட்டிக்கு மிருகம் பிடித்திருந்தது. ஆனால் தலையைச் சொறிந்தான். இந்த விளையாட்டு ஊர் முழுக்க நடக்கிறதாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேசை என்று பேராம்; எல்லா மேசைக் கதைகளும் சேர்ந்து ஒரே உலகமாம். யாரும் இஷ்டத்துக்கு மந்திரவாளும் பூதமும் கொண்டுவந்து விளையாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு வாரியம் வைத்திருக்கிறார்களாம். வாரியத்தின் முத்திரை இல்லாத பொருளோ பிராணியோ உள்ளே வந்தால் மேசைக்குச் சீல். பக்கத்துத் தெருவில் ஒரு மோதிரத்துக்காகச் சீல் வைத்து, உட்கார்ந்திருந்த நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"இல்லாத மிருகத்துக்கு இருக்கிற ஆபீஸாடா?" என்றேன்.

"அப்பா," என்றான் என் மகன். "எனக்காக ஒரு தடவை போய்ட்டு வர்றீங்களா?"

விழுந்த நாளிலிருந்து அவன் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. அவன் அம்மாவைப் பார்ப்பான், அவள் புரிந்துகொள்வாள். கிளம்பிவிட்டேன்.

நன்மை ஒன்று இருந்தால் அதற்குச் சமமாகக் கேடு ஒன்று இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. அதைத் தங்கள் கட்டடத்திலிருந்தே தொடங்கியிருந்தார்கள். காத்திருக்கும் அறையில் நாற்காலிகளுக்கு நல்ல மெத்தை; ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கால் குட்டை. குடிதண்ணீர் சில்லென்று வரும், டம்ளரில் ஓட்டை. மின்விசிறியைப் போட்டால் விளக்கு அணைந்துவிடும். அதனால் ஜனங்கள் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வேர்த்தார்கள், கொஞ்ச நேரம் இருட்டில் காற்று வாங்கினார்கள். அன்பாகப் பேசுகிற எழுத்தர் ஒருவரும் இருந்தார். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தையல்காரர். மடியில் ஒரு போர்வை. போர்த்திக்கொண்டால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டானாம்.

"பாஸ் ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போன தடவையே ஆயிடுச்சு. ஆனா போர்த்திக்கிட்டவனுக்கு விடாம இருமல் வரணும்னுட்டாங்க. இப்ப எங்க ஆளு கோட்டைக்குள்ள திருடப் போனா காவல்காரன் எழுந்து சுடுதண்ணி வச்சுக் குடுக்கறான். இருமலையாவது கொஞ்சம் குறைங்கன்னு கேக்க வந்திருக்கேன்."

அவருக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா. அள்ள அள்ளக் குறையாத பானை ஒன்றைக் கற்பனை செய்திருந்தார். அதில் சாப்பிடுகிறவனுக்குப் பசி தீரக் கூடாது என்று சேர்த்துவிட்டார்களாம்.

"அப்புறம் எதுக்கு சார் பானைன்னு கேட்டேன்," என்றார். "தராசு எவ்வளவு அழகா நிக்குது பாருங்கம்மான்னு காட்டினாங்க. நிஜமாவே அழகாத்தான் நின்னுச்சு."

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே பெரிய கூடம். நடுவில் விறகுக் கடையில் இருப்பது போல ஒரு பெரிய இரும்புத் தராசு. சுவரோரம் எடைக்கற்கள். மேடைமேல் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். தலைவருடைய நாற்காலிக்கு நான்கு காலும் சரியாக இருந்ததை முதலில் பார்த்துக்கொண்டேன்.

"பிராணி என்ன பண்ணும்?"

"நடக்க முடியாதவன ஏத்திக்கிட்டுப் போகும்ங்க."

எழுத்தர் ஒரு கல்லை எடுத்து நன்மைத் தட்டில் வைத்தார்.

"மேடு பள்ளம்?"

"மலையே ஏறும்ங்க."

இன்னொரு கல்.

"எப்படி வரவழைக்கணும்? மந்திரமா, காணிக்கையா, மனுவா?"

"கூப்பிடவே வேணாம்ங்க. அதுவா வரும்."

தலைவர் நிமிர்ந்தார். "கேக்காமலேயா?"

"ஆமாங்க."

இரண்டு பேர் சேர்ந்து, இருப்பதிலேயே பெரிய கல்லைத் தூக்கிவந்து வைத்தார்கள். தட்டு தரையில் இடித்தது. மேசைமேல் பேனாக்கள் குதித்தன.

"சரி, கேடு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க."

ஒரு உறுப்பினர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"பெரியவரே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. உங்க பிள்ளை மேலயும் இல்ல. ஆனா பாருங்க, இன்னைக்கு நடக்க முடியாதவன் ஒருத்தன் ஏறுவான். நாளைக்கு நடக்க முடியாதவன் அத்தனை பேரும் ஏறுவான். அப்புறம் நடக்கறவனுக்கு என்ன மரியாதை இருக்கு? ஒரு மனுஷன் கேக்கறதுக்கு முன்னாடியே உதவி வந்துட்டா, அவன் எங்க வந்து நிப்பான்? வரிசையில யாரு நிப்பா? இவ்வளவு பெரிய கூடத்தை எதுக்குக் கட்டினோம்? நான் இந்த நாற்காலிக்குப் படிப்படியா ஏறி வந்தவன். என்னை எந்த மிருகமும் தூக்கிட்டு வரல. எங்க மாமனார் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சார், அவ்வளவுதான்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். பிறகு கேடு என்ன வைக்கலாம் என்று எனக்கு உதவி செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சவாரிக்கும் ஏறுகிறவனின் ஒரு விரலை அது தின்னலாம் என்றார் ஒருவர். ஏறுகிறவனுக்குப் பெற்றவள் முகம் மறந்துபோகலாம் என்றார் தலைவர். பாதி மலையில் கீழே தள்ளிவிடலாமே என்றார் இன்னொருவர்.

"அவன் ஏற்கெனவே ஒரு தடவ விழுந்தவன் சார்," என்றேன்.

"அப்ப பழக்கம் இருக்குமே," என்றார் அவர். கேலி செய்யவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தபோது, மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் ஒரு மோதிரம் கண்ணில் பட்டது. படம்தான். பளபளவென்று சட்டம் போட்டிருந்தார்கள். போட்டுக்கொண்டவன் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பக்கத்தில் நின்ற அன்பான எழுத்தரிடம் கேட்டேன்.

"இதுக்கு என்னங்க கேடு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது தலைவரோட மச்சான் போட்டுக்கற மோதிரம். கேடு இருக்கு. ஆனா போட்டவருக்கு இல்ல. கேடுதாங்கின்னு ஒரு பிரிவு இருக்கு. வேற ஆள் தாங்கலாம்."

"இதுக்கு யாரு தாங்கறாங்க?"

"பொதுமக்கள்."

"எந்தப் பொதுமக்கள்?"

"அன்னைக்கு வரிசையில நின்னவங்க."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"யாரும் ஆட்சேபணை சொல்லல. அவங்ககிட்ட சொன்னாத்தானே சொல்லுவாங்க."

நான் மேடையைப் பார்த்துத் திரும்பினேன். "அப்ப முதுகனுக்கு நான் தாங்கறேன்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. அவராக எழுந்து கீழே வந்தார். "என்ன குடுக்கறீங்க?"

"முட்டி."

"எந்த முட்டி?"

"இடது."

"தொழில்?"

"தண்ணி கேன் போடறேன்."

"மாடிக்கா?"

"மாடிக்குத்தான்."

"அடடா," என்றார் தலைவர், நகைக்கடைக்காரர் நல்ல தங்கத்தைப் பார்ப்பது போல. என் இடது காலைக் கேடு வைக்கிற தட்டில் வைக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வைத்தேன். தராசு கிறீச்சிட்டது, மெல்ல அசைந்தது, சமமாக நின்றது. கூடமே கை தட்டியது. முத்திரையை முதலில் என் முட்டியில் குத்தினார்கள், பிறகு படத்தில். மகன் சவாரி செய்கிற காலமெல்லாம் எனக்கு முட்டி வலிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார் என்றார்கள்.

வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தேன். பைத்தியக்காரப் பயல்கள், வாயால் கொடுத்த முட்டி, இதோ என் காலோடுதானே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கேடு என்னப்பா போட்டாங்க?" என்று மகன் கேட்டான்.

"புல்லு நிறையத் தின்னுமாம்."

அன்று சாயங்காலம் சத்திரத்து வாசலில் முதுகன் வந்து மண்டி போட்டது. சோடாபுட்டி சொல்லச் சொல்ல என் மகன் அதன் குழிந்த முதுகில் ஏறிப் படுத்தான். அடிவாரத்து ஓடையைத் தாண்டினான். முதல் மேட்டில் நின்று, தான் அத்தனை நாள் கிடந்த சத்திரத்தைத் திரும்பிப் பார்த்தான். "இவ்ளோ சின்னதாடா அது!" என்று சிரித்தான். என் வீட்டுக்காரி அடுப்படியில் கையில் எடுத்த டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். அந்தச் சிரிப்பைச் சாரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாளே இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கேனைத் தோளில் வைத்து ஒரு வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழே நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் நொண்டினேன்.

"இது நடிப்பு," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"வலிக்கறவன் என்னைப் பாக்க மாட்டான். அடுத்த படியைப் பாப்பான். பழகிக்குங்க பெரியவரே. இல்லன்னா முத்திரையை ரத்து பண்ணிடுவேன்."

பழகிக்கொண்டேன். எந்த மூலையில் நிற்பார் என்று தெரியாதே. எல்லாப் படியிலும் நொண்டினேன். தெருவிலும் நொண்டினேன். வாடிக்கை வீட்டு அம்மா ஒருத்தி, "பெரியவரே, நீங்க ஏறி வர்றதப் பாத்தா எங்களுக்குத் தண்ணி தொண்டையில இறங்க மாட்டேங்குது," என்று சொல்லி, கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக வேறு ஆளை வைத்துக்கொண்டாள். நல்ல மனசு. அதே மாதிரி இன்னும் சில நல்ல மனசுக்காரர்கள். என் வண்டியில் கேன்கள் குறைந்தன.

நடிப்பு எங்கே முடிந்தது, வலி எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் எதிரே நின்றும் அவரைப் பார்க்காமல் அடுத்த படியைப் பார்த்தேன். "சபாஷ்," என்றது காதில் விழுந்தது. டாக்டரிடம் போனேன். அமுக்கிப் பார்த்து, வயசு என்றார். நான் டாக்டரையும் நம்பவில்லை, வாரியத்தையும் நம்பவில்லை. ஆனால் முட்டி வலிக்கிறது. அதை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

வீட்டில் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு நேராக நடந்து உள்ளே போவேன். என் வீட்டுக்காரி பார்ப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமல் விடுகிறாள் என்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதுகன் உச்சியை நெருங்கிய சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாட்டுக்கு ஆடுங்க. பயனாளியோட சந்தோஷத்தை அளக்கணும்."

சோடாபுட்டி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். ஆட்டம் தொடர்ந்தது. என் மகன் ஒவ்வொரு முறை சிரித்தபோதும் இன்ஸ்பெக்டர் ஒரு சின்னக் கல்லைத் தட்டில் போட்டார். மேகத்துக்குள் புகுந்தார்கள், ஒரு கல். ராட்சசனின் கழுதை முதுகனைப் பார்த்து மயங்கி விழுந்தது, மூன்று கல். கடைசியில் தராசைத் தூக்கிக் காட்டினார்.

"நன்மை கூடிப்போச்சு. இவ்வளவு சிரிப்பாருன்னு நீங்க சொல்லவே இல்லையே. கேடும் ஏத்தணும்."

"இன்னொரு முட்டி இருக்கு," என்றேன். "எழுதிக்குங்க."

என் மகன் தலையைத் திருப்பினான். "இன்னொண்ணா? அப்ப முதல்ல ஒண்ணு குடுத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர்தான் விளக்கினார், நல்ல விஷயம் சொல்வது போல. "இடது முட்டி. அருமையான கேடு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் எடுத்துக்காட்டாச் சொல்றோம்."

"புல்லு தின்னும்னீங்களேப்பா."

"தின்னுதே. அதுவும் தின்னுது."

அவன் என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான். பிறகு, "சோடா," என்றான். "என் ஆளு இறங்கிட்டான்."

"டேய், உச்சி கிட்ட வந்துட்டோம்டா. மேகத்துக்குள்ள இருக்கோம். இறங்கினா அங்கேயே கிடக்கணும்."

"கிடக்கறேன். இறங்கிட்டான்னு சொல்லு."

சோடாபுட்டி என்னைப் பார்த்தான். "இறங்கிட்டான்," என்றான் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் நன்மைத் தட்டிலிருந்த கற்களை எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தராசு மறுபக்கம் சடாரென்று சாய்ந்தது. "நல்ல பிள்ளை. முத்திரை இனி செல்லாது," என்று எழுந்தார்.

"இருங்க," என்றேன். "அவன்தான் இறங்கிட்டானே. என் முட்டியக் குடுத்துட்டுப் போங்க."

"வாங்கறதுக்குத்தான் பெரியவரே வழிமுறை இருக்கு. திருப்பிக் குடுக்க இல்ல."

"இப்ப தராசு கேடு இருக்கிற பக்கம் இல்ல சாஞ்சு கிடக்கு? சமம் சமம்னீங்களே?"

அவர் தராசைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பதில் தயாராக இருந்தது.

"கேடு கூட இருந்தா வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்தினேன். அவர் காலடிச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். நின்றது. போய்விட்டாரா, கீழேயே நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. அந்த ஆள்களை நம்ப முடியாது.

"ஏம்பா சொல்லல?" என்றான் மகன்.

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். திரும்பியது தலை மட்டும்தான். மற்றதைத் திருப்ப நாங்கள் வர வேண்டும். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நேராக நடந்து காட்டுகிற வேலை இனி இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"இங்க பாரு. நீ ஏறினாலும் வலிக்குது, இறங்கினாலும் வலிக்குது. அது என்னோட வந்துடுச்சு, இனி போகாது. நீ மேகத்துல கிடந்தா என் வலி சும்மா போகுது. ஏறித் தொலை."

"முத்திரை?" என்றான் மகன், சுவரைப் பார்த்தபடியே. "சோடாவோட மேசைக்குச் சீல் வச்சிருவாங்க."

நாங்கள் எல்லாரும் சோடாபுட்டியைப் பார்த்தோம். பகடை கட்டிலுக்கு அடியில் போனாலே செல்லாது என்கிறவன். அவன் கண்ணாடியைக் கழற்றினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு எதிர்ல யாரு இருக்கான்னே தெரியல," என்றான். "யாராவது ஏறினா நான் எப்படிடா பாக்கறது?"

என் மகனின் கை போர்வைமேல் தடவிப் பகடையைத் தேடியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"முதுகன் வந்து மண்டி போடுது," என்றான் சோடாபுட்டி, காற்றைப் பார்த்து.

மகன் என் பக்கம் திரும்பினான். "மெதுவாப் போகச் சொல்லட்டுமாப்பா?"

"எதுக்கு? ஓடச் சொல்லு. சிரிக்க மட்டும் செய்யாத. அந்த ஆளு கீழதான் நிக்கறான்னு நெனைக்கறேன்."

பகடை உருண்டது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். முதுகன் ஓடத் தொடங்கியது; மேகம் கிழிந்தது; அவன் தலையணையை எடுத்து வாயில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

என் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். இருக்கிற பாத்திரங்களை எல்லாம் இழுத்துத் தரையில் போட்டு, கரண்டியால் தட்டத் தொடங்கினாள். கட்டடமே அதிர்ந்தது.

"இப்ப சிரிடா," என்று கத்தினாள்.